பையன் உடைத்தால் பன்றி அபராதம்

பள்ளிக்கூட ஜன்னலில் கல்லெறிந்தது யார்? நகரத்தில் இதைப் போலீஸ் துப்புத் துலக்க வேண்டும். ஐந்நூறு பேர் வாழும் தீவுக் கிராமத்தில் பொழுது விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தலைவலி அதற்குப் பிறகுதான். எறிந்தவன் வீட்டாரும் அந்தப் பள்ளியின் ஆசிரியரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே தேவாலயத்தில் உட்கார்ந்தாக வேண்டும். முறைத்துக்கொண்டு போக இடமில்லை, சுற்றிலும் கடல்.

பசிபிக் தீவு நாடான சமோவா இதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது. நாட்டின் மக்கள்தொகையே சுமார் 2 லட்சம். கிராமங்களில் அன்றாட ஒழுங்கைக் கவனிப்பது ‘ஃபோனோ’ என்ற ஊர்ச்சபை. ஒவ்வொரு பெருங்குடும்பத்துக்கும் ‘மத்தாய்’ என்ற பட்டம் பெற்ற தலைவர் உண்டு. அவர்கள் கூடுவதுதான் சபை. கூடும் வீட்டுக்குச் சுவர் கிடையாது. ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உட்காருவார்கள். எந்தத் தூண் யாருக்கு என்பது பட்டத்தின் தகுதிப்படி முன்பே தீர்மானமானது.

பையன் செய்த குற்றத்துக்கு அபராதம் கட்டுவது குடும்பம். பணமாகக் கட்டலாம். பன்றியாக, பெட்டி பெட்டியாக டின் மீனாக, தாழை ஓலையில் மாதக்கணக்கில் பின்னிய மெல்லிய பாயாகவும் கட்டலாம். ஊர்வேலை செய்யச் சொல்வதும் உண்டு. சூட்சுமம் இங்கேதான். ஆசையாக வளர்த்த பன்றியைப் பிடித்துக் கொடுத்த மாமன், அடுத்த வாரம் அந்தப் பையனை ராத்திரியில் சும்மா சுற்ற விடுவாரா? கண்காணிப்புக் கேமராவுக்கு இல்லாத அக்கறை அவருக்கு இருக்கும்.

பல கிராமங்களில் மாலையில் சங்கோ மணியோ ஒலித்தால் வழிபாட்டு நேரம். தெருவில் யாரும் நடமாடக்கூடாது. சாலையோரம் நின்று இதைக் கண்காணிப்பவர்கள் பட்டம் பெறாத இளைஞர்கள். கல்லெறியத் துடிக்கும் வயதுக்காரர்களையே காவலுக்கு நிறுத்திய கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது!

இதெல்லாம் வெறும் வழக்கமாக நின்றுவிடவில்லை. 1990இல் வந்த கிராம ஃபோனோ சட்டம் சபையின் அதிகாரத்தை எழுத்தில் வைத்தது. அதே குற்றம் நீதிமன்றம் போனால், ஊர் ஏற்கெனவே விதித்த தண்டனையை, தன் தண்டனையைக் குறைப்பதற்கான காரணமாக நீதிபதி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம்மூர்க் கட்டப் பஞ்சாயத்து நினைவுக்கு வருகிறதா? வரத்தான் செய்யும். ஊரை விட்டே குடும்பத்தை விலக்கும் வழக்கம் சமோவாவிலும் உண்டு. தீவில் விலக்கப்பட்டவர் எங்கே போவார்? ஜன்னலுக்காகத் தொடங்கிய அதிகாரம் தனக்குப் பிடிக்காதவரை நசுக்கவும் கிளம்பிவிடும். ஃபோனோவின் முடிவை எதிர்த்து நிலம் மற்றும் பட்ட உரிமைகள் நீதிமன்றத்தில் முறையிடலாம் என்ற ஏற்பாடு அதனால்தான் முக்கியமானது.

பன்றியும் பட்டமும் எல்லாத் தீவுகளுக்கும் பொருந்தாது. உடைத்தவன் தன் வீட்டாரோடு வந்து, ஊர் பார்க்க, புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் போகட்டும் என்ற விதி எந்தத் தீவுக்கும் பொருந்தும். முறையீட்டு வழி இல்லாமல் அதையும் கொண்டுவரக் கூடாது.