புத்தகம் தலையில் விழுந்த சிறுவன்

கீழே உள்ள வாக்கியத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள்.

இரு எண்களின் கூடுதலின் வர்க்கம், அவ்வெண்களின் வர்க்கங்களின் கூடுதலோடு அவற்றின் பெருக்கற்பலனின் இருமடங்கைச் சேர்த்தால் கிடைப்பதற்குச் சமம்.

தலை சுற்றுகிறதா? ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தில் ஒரு சிறுவன் இதைப் பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்யும்படி ஆயிற்று. சொற்கள் நினைவுக்கு வராமல் அவன் விழித்தபோது, வீட்டிற்கு வந்து கற்பித்த ஆசிரியர் புத்தகத்தை அவன் தலைமீது வீசி எறிந்தார். அதனால் தன் அறிவு சற்றும் தூண்டப்படவில்லை என்று பிற்காலத்தில் அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் கேலியாக எழுதி வைத்திருக்கிறார்.

அச்சிறுவன்தான் பெர்ட்ரண்டு ரஸ்ஸல். 1872இல் பிறந்தவர். நான்கு வயது நிறையுமுன் தாயையும் தந்தையையும் இழந்தார். இலண்டனுக்கு அருகே ரிச்மண்டு பூங்காவில் உள்ள பெம்புரோக் மாளிகையில் பாட்டியிடம் வளர்ந்தார். பாட்டனார் இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர். அண்ணன் பிராங்கைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். தம்பிக்கோ ஏறக்குறைய 16 வயது வரை பெரும்பாலும் வீட்டிலேயே பாடம். பெருக்கல் வாய்ப்பாடு மனத்தில் நிற்கவில்லையே என்று தேம்பி அழுததும் அவர் நினைவில் இருந்தது. அந்த நாளில் அவரைப் பார்த்த எவரும் "இவனுக்குக் கணக்கு வராது" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இப்போது என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அது பெருமைப்படத் தக்கதன்று.

என் அக்காள் மகன் ஆறாம் வகுப்பில் இருந்தபோது சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். பல மாதங்கள் வீட்டிலேயே பாடம். "தம்பி, நீதானே காலேஜில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறாய். இவனுக்குக் கணக்கு மட்டும் பார்த்துக்கொள்" என்றாள் அக்காள். இதென்ன பிரமாதம் என்று போனேன். மூன்றாம் நாள் மாலை 13இன் வர்க்கம் கேட்டேன். பையன் யோசித்து, "பத்தின் வர்க்கம் 100, மூன்றின் வர்க்கம் 9, ஆகவே 109 மாமா" என்றான். முந்திய நாள்தான் விதியைச் சொல்லியிருந்தேன். கோபத்தில் நோட்டுப் புத்தகத்தைக் கட்டிலில் அடித்தேன். தலையில் எறியவில்லை. அவ்வளவுதான் எனக்கும் அந்த ஆங்கில ஆசிரியருக்கும் வேறுபாடு. மறுநாள் முதல் மாலை ஆறு மணி ஆனால் பையனுக்கு வயிற்று வலி வந்தது.

வயிற்று வலிக்கு மருந்து தேடிய போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 109 என்பது முட்டாள்தனமான விடையே அன்று. கூட்டலைப் பிரித்துச் செய்யலாம் என்றால் வர்க்கத்தையும் ஏன் பிரிக்கக் கூடாது? நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லவே இல்லை. விதியை மட்டும் சொன்னேன்.

அம்மாவின் பல்லாங்குழிப் பெட்டியிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்துப் போனேன். "இன்று கணக்கு இல்லை, அடுக்கு" என்றேன். பரீட்சை அட்டையின் மேல் வரிசைக்கு 13 வீதம் 13 வரிசை அடுக்கினான். ஓர் ஈர்க்குச்சியை நெடுக்காகவும் ஒன்றைக் குறுக்காகவும் வைத்து, 10 ஒரு பக்கம், 3 ஒரு பக்கம் என்று பிரித்தோம். நான்கு அறைகள் கிடைத்தன. பெரிய சதுரத்தில் 100. மூலையில் இருந்த குட்டிச் சதுரத்தில் 9. பையன் சற்று நேரம் பார்த்தான். "மாமா, இந்த இரண்டு பட்டையை நான் விட்டுவிட்டேன்!" என்றான். பட்டைக்கு 30, இரண்டுக்கும் 60. ஆக 169. இருமடங்கு எங்கிருந்து வருகிறது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் கண்ணெதிரே இரண்டு பட்டைகள் இருந்தன.

உங்கள் தம்பியோ தங்கையோ வாய்ப்பாட்டைக் கண்டு அழுதால் இதையும் சொல்லுங்கள். பத்துப் பத்து வரை 100 பெருக்கல்கள் இருப்பதாகத் தோன்றும். ஒன்றும் பத்தும் பெருக்கத் தெரியாதவர் இல்லை, அவற்றை நீக்குங்கள். ஏழெட்டும் எட்டேழும் ஒன்றே என்பதால் மீதியிலும் பலவற்றை நீக்கலாம். மிஞ்சுவது 36. இரண்டாம், ஐந்தாம் வாய்ப்பாடுகள் எளியவை. அவற்றையும் கழித்தால் பாடுபட்டுக் கற்க வேண்டியது 21தான்.

ரஸ்ஸலுக்கு வருவோம். அவருடைய 11ஆம் வயதில் அண்ணன் பிராங்கு அவருக்கு யூக்ளிடின் வடிவ கணிதத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். அங்கே எல்லாவற்றையும் நிரூபித்துக் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டு ஆவலோடு உட்கார்ந்த தம்பிக்கு முதலில் கிடைத்தவை, நிரூபணம் இல்லாத வெளிப்படை உண்மைகள்! "இவற்றை ஏன் ஏற்க வேண்டும்?" என்றார். "ஏற்காவிட்டால் மேலே போக முடியாது" என்றார் அண்ணன். அரைமனத்தோடு ஏற்றார். ஐந்தாம் தேற்றத்தை அடைந்தபோது, அது பலருக்கும் கடினமாகத் தோன்றுவது என்று அண்ணன் சொன்னார். தம்பிக்கோ அது சிறிதும் கடினமாக இல்லை. தனக்கும் ஏதோ அறிவு இருக்கிறது என்ற எண்ணம் வாழ்வில் முதல் முறையாக அப்போதுதான் அவருக்கு வந்ததாம்.

வாய்ப்பாட்டுக்கு அழுதவரும் யூக்ளிடில் மகிழ்ந்தவரும் ஒரே பையன்தான் என்பதைக் கவனியுங்கள். "ஏன் ஏற்க வேண்டும்?" என்ற கேள்வியையும் அவர் விடவில்லை. 1897இல் வடிவ கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் ஒயிட்ஹெட்டுடன் சேர்ந்து எழுதிய 'பிரின்சிபியா மாத்தமாட்டிகா' 1910 முதல் 1913 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. அதன் முதல் தொகுதியில் 379ஆம் பக்கத்திற்கு வந்த பிறகுதான், ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பது இனிமேல் கிடைக்கும் என்ற குறிப்பு வருகிறது! (கடைக்காரரிடம் சில்லறை வாங்க இதைப் படிக்கத் தேவையில்லை.)

புளியங்கொட்டைப் பட்டைகள் ஆறாம் வகுப்போடு நின்றுவிடுவதும் இல்லை. பரப்பு விரிவுக் குணகம் நீள் விரிவுக் குணகத்தைப் போல் இருமடங்கு என்று படிப்பீர்கள். ஏன் இருமடங்கு என்று என் கல்லூரி வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடை. 1 மீட்டர் பக்கமுள்ள சதுர இரும்புத் தகட்டை 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேற்றினால், பக்கம் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீளும். பழைய தகட்டின் இரு விளிம்புகளில் இரு மெல்லிய பட்டைகள் சேர்ந்தன என்று கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 1200 சதுர மில்லிமீட்டர். மூலையில் உள்ள குட்டிச் சதுரமோ 1.44 சதுர மில்லிமீட்டர்தான். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பட்டைகள் இரண்டு என்பதால் குணகமும் இருமடங்கு. என் மருமகன் அட்டையில் கண்ட அதே இரண்டு பட்டைகள்!

அப்படியானால் பரும விரிவுக் குணகம் ஏன் மும்மடங்கு? ஒரு துணி சோப்புக் கட்டியிலிருந்து கனசதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் 10க்கு 3 என்ற விகிதத்தில் பிரிக்குமாறு, மூன்று திசைகளில் மூன்று முறை நூலால் அறுத்துப் பாருங்கள். எட்டுத் துண்டுகள் கிடைக்கும். அவற்றை வகை பிரித்து அடுக்கி, ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்று எண்ணுங்கள். 13இன் கனம் 2197 என்பதும் அங்கேயே இருக்கிறது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோப்பை எடுங்கள்.