மூலிகை நல்லது, அது நின்ற மண் எப்படி?



சளிக்குத் தூதுவளை, ரத்த சோகைக்குக் கரிசலாங்கண்ணி, கண்ணுக்குப் பொன்னாங்கண்ணி, ஞாபகசக்திக்கு வல்லாரை. இந்தப் பட்டியல் உங்கள் வீட்டுப் பாட்டிக்கே மனப்பாடம். நான் வந்து புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை. செடி எது என்று பார்த்துப் பறிக்கிறோம், சரி. அது எந்த மண்ணில் நின்றது, எந்தத் தண்ணீரைக் குடித்தது என்று பார்க்கிறோமா? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வடசென்னையில் விம்கோ நகரை எடுத்துக்கொள்வோம். விம்கோ என்பது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கப் பெயர். ஊர்ப் பெயரிலேயே தொழிற்சாலை இருக்கிறது பாருங்கள்! ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. வடக்கே எண்ணூரில் ஓர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை நிலக்கரியை எரித்தது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் படிந்த விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியதும் நினைவிருக்கும்.

இப்படிப்பட்ட இடத்திலும் பச்சை இல்லாமல் போகாது. ரயில் பாதை ஓரத்தில் குப்பைமேனி முளைக்கும். சாக்கடை ஈரத்தில் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் தளதளவென்று நிற்கும். பார்த்தால் பறிக்கத்தான் தோன்றும். ஆனால் இலையின் பச்சையை வைத்து மண்ணின் சுத்தத்தைச் சொல்ல முடியாது.

செடிக்குள் என்ன போகிறது?

முக்கியமாக இரண்டு உலோகங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று காரீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். அது வேறு, இது வேறு. முன்பு பெட்ரோலில் காரீயம் கலந்தார்கள். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு அதை நிறுத்தியாகிவிட்டது. ஆனால் பழைய சாலையோர மண்ணில் விழுந்த காரீயம் மக்கிப் போகிற சரக்கு இல்லை, அங்கேயே கிடக்கும். பழைய பேட்டரி, பழைய பெயின்ட் இவற்றிலிருந்தும் வரும். இது பெரும்பாலும் புழுதியாக இலை மேலே ஒட்டும், வேரிலும் தங்கும்.

இரண்டாவது காட்மியம். இது இன்னும் பொல்லாதது. வேர் வழியாக ஏறி இலைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு கழுவினாலும் போகாது. வருஷக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

காரீயத்தால் அதிகம் கெடுவது குழந்தைகளின் மூளை வளர்ச்சி. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ரத்த சோகை உள்ள குழந்தைக்குத்தானே கரிசலாங்கண்ணி கொடுக்கிறோம்? இரும்புச் சத்து குறைந்த உடம்புதான் காரீயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அழுக்கு மண்ணில் நின்ற இலையை அந்தக் குழந்தைக்கே கொடுத்தால் நல்லது செய்யப் போய்க் கெடுதல் செய்ததாகிவிடும்.

பொடி செய்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கீரையில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு தண்ணீர். பத்து கிலோ இலை காய்ந்தால் ஒன்று, ஒன்றரை கிலோ பொடிதான் தேறும். தண்ணீர் ஆவியாகும்; உலோகம் ஆகாது. பத்து கிலோவில் இருந்தது அத்தனையும் அந்தப் பொடியில் இருக்கும். ஏற்றுமதியாகும் சித்த, ஆயுர்வேத மூலிகை மருந்துகளுக்கு 2006 ஜனவரி முதல் இந்த உலோகப் பரிசோதனையை அரசு கட்டாயமாக்கியதும் இதற்காகத்தான்.

நம் ஊருக்கு இது எதற்கு என்கிறீர்களா?

விம்கோ நகரில்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊர் வழியாக நெடுஞ்சாலை போகிறதா? பாலாற்றங்கரையில் தோல் ஷெட், நொய்யல் கரையில் சாயப்பட்டறை என்று எத்தனை பார்த்துவிட்டோம்! மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். தழை, மணி, சாம்பல் சத்து தொடங்கி 12 விவரம் இருக்கும். காரீயம், காட்மியம் அதில் வராது. ஆகவே இடத்தைப் பார்த்து நாமே உஷாராக இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒன்று: தார்ச்சாலை ஓரம், ரயில் பாதை ஓரம், சாக்கடை, ஆலைக் கழிவுநீர் வாய்க்கால், குப்பைமேடு, பழைய பெயின்ட் உதிரும் சுவரடி, இந்த இடங்களில் மூலிகை பறிக்க வேண்டாம். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்த வரப்பும் வேண்டாம்.

இரண்டு: வீட்டுக்குத் தேவையானதை நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் இரண்டு பாத்தி போதும். வல்லாரைக்கு ஈரமும் நிழலும் வேண்டும். தூதுவளையை வேலியில் ஏற்றிவிடுங்கள். நிலம் சந்தேகமாக இருந்தால் மண் தொட்டியில் நல்ல செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து வையுங்கள். பழைய பேட்டரிப் பெட்டி, பெயின்ட் டப்பாவில் மட்டும் செடி வைக்காதீர்கள்.

மூன்று: சந்தேகமான நிலத்தில் கீரையும் கிழங்கும் போடாமல் கத்தரி, தக்காளி, வாழை என்று காய்கனிப் பயிராகப் போடுங்கள். உலோகம் இலையிலும் வேரிலும் சேருகிற அளவுக்குக் காயில் சேராது. தொழுவுரம் நிறைய இடுங்கள். மண் புளிப்பாக இருந்தால் வேளாண்மை அலுவலரைக் கேட்டுச் சுண்ணாம்பு இடுங்கள். மண் புளிப்பு குறைந்தால் செடி காட்மியத்தை இழுப்பதும் குறையும்.

நான்கு: எந்தக் கீரையானாலும் மூன்று தண்ணீரில் அலசுங்கள். முதல் இரண்டு தடவை இலையை அகலமான பாத்திரத்தில் முக்கி எடுத்து, அடியில் படிந்த மண்ணைக் கொட்டிவிடுங்கள். புழுதியோடு காரீயமும் பெரும்பகுதி போய்விடும்.

ஐந்து: பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கம் கீரைக்கட்டு விற்கிற விவசாயிகளே, இது உங்களுக்கு. நல்ல மண்ணில், கிணற்றுத் தண்ணீரில் விளைந்த கீரை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லி விற்றுக்கொள்ளுங்கள். ஆலைகளுக்கு நடுவே குடியிருக்கிற பட்டணத்து ஜனங்களுக்கு உங்கள் கீரைதான் மருந்து. சாக்கடைத் தண்ணீர் கொஞ்சம் பாய்ச்சினால் என்ன என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். விற்றது போக மீந்த கட்டு உங்கள் வீட்டுச் சட்டியிலும்தானே வேகிறது?

கடைசியாக ஒரு வார்த்தை. கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியைத் தேடி அலைந்து நாளைக் கடத்தாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதித்து, காமாலை எதனால் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு மூலிகை மருந்து வேண்டுமென்றால் அரசு சித்த மருத்துவப் பிரிவு இருக்கவே இருக்கிறது. அங்கே மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

அடுத்த தடவை இலையைக் கிள்ளுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, அந்தச் செடியின் காலடியைப் பாருங்கள். மண் சுத்தமாக இருந்தால் மட்டும் கிள்ளுங்கள்.