புல்லட் ஏன் பாய்கிறது?

பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் பின் ஸீட்டில் ஒரு பக்கமாகக் கால் போட்டு அமர்ந்திருக்கும் அம்மாளுக்குக் கிளட்சைப் பற்றித் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அது கெட்டால் முதலில் விழப்போகிறவர் அவர்தான். பச்சை விளக்கு எரிகிறது. ஓட்டுகிறவர் கிளட்ச் பிடியை மெள்ளத்தான் விடுகிறார். முக்கால் பங்கு விட்டும் வண்டி அசையவில்லை. அப்புறம் முட்ட வரும் கிடாவைப் போல ஒரே பாய்ச்சல்!

இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் சென்னையின் மதராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கூட்டுச் சேர்ந்ததன் பயனாகத் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. அங்கே உருவான 350 சி.சி. வண்டிகளில் எத்தனையோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பாய்ச்சல் நோய் அவற்றுக்குப் புதிதல்ல. ‘பிளேட் போய்விட்டது, செட்டை மாற்று’ என்பதுதான் வழக்கமான வைத்தியம். பணம் செலவாகிறது; பாய்ச்சல் மட்டும் நிற்பதில்லை.

எது நோய்?

கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. பிடியை முழுவதும் இழுத்தும் வண்டி முன்னே இழுத்தால், தட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் இது சகஜம். பிடியை இழுத்தபடி நாலு தடவை கிக்கரை மிதித்தால் பிரிந்துவிடும். பாய்ச்சல் இந்த இரண்டிலும் சேராதது.

கிளட்சைத் திறக்குமுன் பின் சக்கரத்தைப் பார்ப்பது புத்திசாலித்தனம். அதன் நடுவே, அதிர்ச்சியைத் தாங்குவதற்காக ரப்பர் துண்டுகள் வைத்திருக்கிறார்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரில் போட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பல்சக்கரம் அசையாமல் டயர் மட்டும் தாராளமாக ஆடினால் ரப்பர் தேய்ந்துவிட்டது. இந்தக் குற்றத்துக்குக் கிளட்ச் தண்டனை அனுபவிப்பது உண்டு.

அடுத்தது கேபிள். ஹாண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பும்போது பிடியின் இறுக்கம் மாறினால், கேபிள் எங்கோ மடிந்து நெரிகிறது. கழற்றி உள்கம்பியைக் கையால் இழுத்துப் பார்க்கலாம். சொரசொரவென்று வந்தால், மேல் நுனியில் காகிதப் புனல் கட்டி, ஓர் இரவு எண்ணெய் இறங்கவிட்டால் பல சமயம் அதுவே போதும். பிய்ந்த கம்பிக்கு மட்டும் எண்ணெய் மருந்தாகாது.

மூடிக்குள்ளே

இவ்வளவுக்கும் தீரவில்லையென்றால்தான் இடது பக்கத்து மூடியைத் திறக்க வேண்டும். ஒரே ஒரு நட்டுதான். கீழே எண்ணெய் பிடிக்கத் தட்டு வைக்க மறந்தால் வீட்டில் யுத்தம் நிச்சயம். ஒருவர் பிடியை இழுக்க, மற்றவர் ஸ்பிரிங்குகளுக்கு அடியிலிருக்கும் அழுத்துத் தட்டைக் கவனிக்க வேண்டும். அது ஒரே சமமாக வெளியே வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் ஸ்பிரிங்குகளின் பலம் ஒத்துப்போகவில்லை. கழற்றி மேஜைமேல் வரிசையாக நிறுத்தினால் குட்டையானது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். தட்டுகளைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தால் கோணல் தெரியும்.

பாய்ச்சலின் நிஜமான குற்றவாளி பெரும்பாலும் அகப்படுவது டிரம்மில்தான். அதன் விளிம்பிலுள்ள வெட்டுகளில் தட்டுகளின் பற்கள் தாராளமாக வழுக்கி நகர வேண்டும். எஞ்சினின் ஒவ்வொரு உதையிலும் பல் வெட்டின் சுவரில் மோதுகிறது. வருஷக்கணக்கில் மோதினால் சுவரில் பள்ளம் விழுகிறது. பிறகு பிடியை விடும்போது பல் அந்தப் பள்ளத்தில் சிக்கி நிற்கிறது. ஸ்பிரிங்கின் பலம் மிஞ்சியதும் சடக்கென்று தாண்டுகிறது. அந்த ஒரு ‘சடக்’குதான் நடுத்தெருவில் பாய்ச்சலாகிறது. புதுத் தட்டுகளைப் போட்டாலும் பழைய பள்ளம் அவற்றையும் பிடித்துக்கொள்ளுமே!

விரல் நகத்தை வெட்டின் சுவரில் ஓட்டினால் பள்ளம் தட்டுப்படும். லேசாக இருந்தால் மெல்லிய அரத்தால் சமன் செய்யலாம். ஆழமாக இருந்தால் அரம் உதவாது. ராவ ராவ வெட்டு அகன்று, பல் இன்னும் பலமாக மோதும். டிரம்மையே மாற்ற வேண்டியதுதான். நடுவிலிருக்கும் துண்டின் பற்களையும் அதே விரலால் சோதித்துவிடுவது நல்லது.

மூடும்போது அந்த ஒற்றை நட்டை வெறிகொண்டு முறுக்கினால் மூடி வளைந்து எண்ணெய் கசியும். வண்டியை நேராக நிறுத்தி, அளவுத் திருகைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் எண்ணெய் எட்டிப்பார்க்கும் வரை ஊற்றினால் சரியான அளவு.