அமெரிக்க விரிவுரைகளைக் கேட்டு ஆங்கிலம் பழகுதல்

மூன்றாம் தரத்திலிருந்து க.பொ.த. சாதாரண தரம்வரை ஆங்கிலம் படித்த பலருக்கும், வாசித்தால் விளங்கும் ஆங்கிலம் காதில் விழும்போது விளங்குவதில்லை. அக்கரப்பத்தனை, டயகம போன்ற தோட்டப்புறங்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. லயத்தில் தமிழ், கடைத்தெருவில் தமிழும் சிங்களமும். ஆங்கிலம் பெரும்பாலும் கரும்பலகையோடும் வினாத்தாளோடும் நின்றுவிடுகிறது. வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதும் ஐஈஎல்டிஎஸ் பரீட்சையிலோ கேட்டல் தனிப் பகுதி: சுமார் 30 நிமிடம், 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரு தடவைதான் ஒலிக்கும். கடைசிப் பகுதி கல்வி சார்ந்த ஓர் உரை.

இதற்குப் பழக அமெரிக்க சமூகம், வரலாறு பற்றிய உரைகள் பெரிதும் உதவும். இலவசமாக, படிப்படியான கடினத்தில் அவை கிடைப்பதே காரணம். முதற்படி, வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா வானொலி 1959 ஒக்டோபர் 19இல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலிஷ்' நிகழ்ச்சிகள். சுமார் 1,500 சொற்கள், சிறிய வசனங்கள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு: இவையே அவற்றின் விதிகள். அமெரிக்க வரலாற்றைத் தொடராகச் சொன்ன 'த மேக்கிங் ஒஃப் எ நேஷன்' அவற்றுள் பேர்பெற்றது.

அடுத்த படி, உண்மையான வகுப்பறை விரிவுரை. யேல் பல்கலைக்கழகம் தன் பாடங்கள் சிலவற்றை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. பேராசிரியர் டேவிட் பிளைட் 2008இல் நடத்திய அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய பாடத்தில் 27 விரிவுரைகளும், ஜொனதன் ஹொலவே 2010இல் நடத்திய ஆபிரிக்க அமெரிக்கர் வரலாற்றுப் பாடத்தில் 25 விரிவுரைகளும் உள்ளன. பேசியது முழுவதும் எழுத்திலும் கிடைக்கிறது.

அமெரிக்க உச்சரிப்பில் சில இடங்கள் நம் காதுகளை ஏமாற்றும். 'வாட்டர்' என்பது 'வாடர்' ஆகும். 'இன்டர்நெட்' பலர் வாயில் 'இனர்நெட்' ஆகும். இவற்றைவிடச் சிக்கலானது 'முடியும்', 'முடியாது' என்பவற்றுக்கான சொற்கள். இலங்கையில் 'கேன்', 'கான்ட்' என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லுவோம். அமெரிக்கர் பேச்சில் முதற்சொல் 'க்ன்' என்று தேய்ந்துவிடும். இரண்டாவது 'கேன்ட்' என்று அழுத்தம் பெறும், ஆனால் அதன் கடைசி 'ட்' பெரும்பாலும் வெளியே கேட்காது. 'கேன்' என்று அழுத்திக் கேட்டால் அது பெரும்பாலும் 'முடியாது' என்பதே. அழுத்தத்தைக் கவனிக்காத காது பொருளைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளும்.

பழகும் முறை எளிது. ஒரு விரிவுரையில் பத்து நிமிடப் பகுதியை எடுத்து, முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, பேச்சு எதைப் பற்றியது என்று மட்டும் பிடிக்க வேண்டும். இரண்டாம் தடவை ஆண்டு, பெயர், காரணம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். மூன்றாம் தடவை எழுத்தோடு கேட்டு, தெரிந்திருந்தும் காதில் பிடிபடாத சொற்களைக் கோடிட வேண்டும். அடுத்த பாடம் அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. பிறகு அந்த வசனங்களைப் பேச்சாளரின் வேகத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாய்க்கு வந்த ஒலி காதுக்கும் எளிதில் அகப்படும்.

கேட்டல் சொற்களால் மட்டும் நடப்பதில்லை. விஷயம் முன்பே தெரிந்திருந்தால் விட்டுப்போன சொல்லை மனம் நிரப்பிக்கொள்ளும். இங்குதான் மலையக மாணவருக்கு ஒரு வசதி உண்டு: அமெரிக்க வரலாற்றின் சில பகுதிகள் அவர்களின் சொந்த வரலாற்றை ஒத்தவை. அடிமை முறை ஒழிந்த பின்னும் அமெரிக்கத் தென் மாநிலங்களில் விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிட்ட கறுப்பின வாரக் குடியானவர்கள் நில உடைமையாளரிடம் பட்ட கடனால் நிலத்தோடு கட்டுண்டிருந்தனர். அதைப் போலவே, கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதித் தொழிலாளியைக் கட்டிவைத்த 'துண்டு முறை' இலங்கைத் தோட்டங்களில் 1921இல்தான் ஒழிந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்தவருக்குக் குடியுரிமை தந்த 14ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1868இல் வந்தது; மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர், அவர்களில் அதுவரை நாடற்றவராக எஞ்சியோருக்கு அதை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது.

ஆகவே தொடங்குவோர் தங்கள் தாத்தா பாட்டியின் வாழ்க்கையோடு தொடர்புள்ள தலைப்பையே முதலில் தேர்ந்தெடுப்பது நல்லது. கதை தெரிந்திருந்தால், காதின் முழுக் கவனமும் மொழிமீது நிற்கும்.