நாம் சுவாசிக்கும் காற்று வந்த கதை

ஒரு நிமிடம் மூச்சை அடக்கிப் பாருங்கள். ஆக்ஸிஜன் எவ்வளவு பெரிய அருட்கொடை என்பது புரியும். ஆனால் பூமி பிறந்த சுமார் 454 கோடி ஆண்டுகளில், ஏறக்குறைய முதல் பாதி முழுவதும் காற்றில் ஆக்ஸிஜன் இல்லை என்றே சொல்லலாம். அன்று நாம் இருந்திருந்தால் சில நிமிடங்கள்கூட உயிர் வாழ்ந்திருக்க முடியாது.

தொடக்ககால பூமியின் உட்பகுதி கொதித்துக் கொண்டிருந்தது. எரிமலைகள் வழியே நீராவி, கரியமில வாயு, நைட்ரஜன் ஆகியவை வெளியேறி பூமியைச் சூழ்ந்தன. பூமி குளிர்ந்தபோது நீராவி மழையாகப் பொழிந்து கடல்கள் உருவாயின. கரியமில வாயுவின் பெரும்பகுதி அந்தக் கடல்களில் கரைந்து, காலப்போக்கில் சுண்ணாம்புப் பாறையாகப் படிந்தது. எளிதில் எதனோடும் சேராத நைட்ரஜன் மட்டும் காற்றிலேயே தங்கிவிட்டது. இன்றும் காற்றில் 78 சதவீதம் அதுதான்.

அப்படியானால் ஆக்ஸிஜன் எங்கிருந்து வந்தது?

கடலில் வாழ்ந்த சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிரிகளிடமிருந்து! அவை சூரிய ஒளியில் தண்ணீரையும் கரியமில வாயுவையும் கொண்டு உணவு தயாரித்து, ஆக்ஸிஜனை வெளியேற்றின. ஆனால் அது உடனே காற்றுக்கு வந்து சேரவில்லை. கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு அதைப் பிடித்துக்கொண்டு, துருவாகி அடியில் படிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லி மலைத்தொடரில் அந்தத் துரு, சிவப்பு வரிகள் ஓடும் பாறையாக இன்றும் நிற்கிறது. உலகின் இரும்புத் தாதுவில் பெரும்பகுதி இத்தகைய பாறைகளிலிருந்தே கிடைக்கிறது. நம் வீட்டு தோசைக்கல்லின் பூர்வீகமும் பெரும்பாலும் அதுதான்.

சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் ஆக்ஸிஜன் காற்றில் தங்கத் தொடங்கியது. அதிலிருந்து உருவான ஓசோன் படலம் புற ஊதாக் கதிர்களைத் தடுத்தது. பின்னர் தரையில் செடிகொடிகள் பரவின. ஆக்ஸிஜன் மேலும் பெருகியது. இன்று அதன் அளவு 21 சதவீதம்.

அந்தப் பழங்காலத் தாவரங்களில் ஒரு பகுதி மண்ணில் புதைந்து நிலக்கரியானது. காற்றிலிருந்து அவை உறிஞ்சிய கரியும் அதோடு புதைந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் கிடந்த அதைத் தோண்டியெடுத்து, சில தலைமுறைகளுக்குள் எரித்து வருகிறோம். 1958-ல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்காக இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பூமி சூடாவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

காற்று எப்போதும் இப்படியே இருந்ததில்லை. இனியும் இப்படியே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.