வாடகை வீடு வாங்க முன்

கொழும்பில் நான்கைந்து குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டுத் தொகுதி மலிவாக வந்தால், நமது வியாபாரிகள் சிலர் உடனே முற்பணம் கொடுத்து விடுகின்றனர். ஏன் மலிவு என்று விசாரிப்பதில்லை.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடாயின், உரிமையாளர் விரும்பியபடி வாடகையைக் கூட்ட முடியாது. உறுதி உங்கள் பெயருக்கு மாறினாலும் குடியிருப்பவரின் உரிமை மாறாது. அவர் மௌத்தானாலும் உடனிருந்த குடும்பத்தார் தொடர இடமுண்டு. "எனக்கே வீடு தேவை" என்று வழக்காடவும், பின்னர் வாங்கியவருக்குத் தடைகள் உள்ளன.

1980, 2002ஆம் ஆண்டுத் திருத்தங்கள் பிந்திய பல வீடுகளுக்கு விலக்களித்தன. ஆகவே, ஒவ்வொரு குடும்பமும் எந்த ஆண்டில் குடிவந்தது, என்ன வாடகை தருகிறது என்பதைப் பற்றுச்சீட்டுடன் பார்த்து, சட்டத்தரணியிடம் காட்டுங்கள். கைக்கு வரும் வாடகையில் ஆதன வரியையும் திருத்தச் செலவையும் கழித்து, மிச்சத்துக்கேற்ப விலை பேசுங்கள்.