காலி சீட்டில் பிறந்த காசு

மணலிப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஒன்று டீசல் போட்டுக்கொள்கிறது. டேங்க் நிரம்பியதும் டிரைவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டுகிறார், மெஷினில் ரகசிய எண்ணை அழுத்துகிறார், பில்லை மடித்து வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புகிறார். பணம் வண்டி முதலாளியின் கணக்கிலிருந்து போகிறது. அதே முதலாளியின் கணக்கில் கொஞ்சம் பாயின்ட் ஏறுகிறது. பாரத் பெட்ரோலியம் தன் பாயின்ட்டுக்கு வைத்திருக்கும் பெயர் பெட்ரோமைல்ஸ். ஆகாயத்தில் பறப்பவர்களுக்காக அமெரிக்காவில் போட்ட ஒரு கணக்கு, எண்ணூர் சாலையில் ஓடும் லாரி வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது.

அந்தக் கணக்கு பிறந்த கதை சுவையானது. 1978இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணத்தின் மீது தனக்கிருந்த கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டது. போட்டி போட்டுக் கட்டணத்தைக் குறைத்த கம்பெனிகளுக்கு, வந்த பயணியைத் தக்கவைத்துக்கொள்வது பெரும்பாடாகிவிட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் முன்பதிவுக் கணினியில் ஒரு காரியம் செய்தது. திரும்பத் திரும்ப வரும் தொலைபேசி எண்களைத் தேடி எடுத்தது. ஒரே எண் அடிக்கடி வந்தால் அந்த ஆள் அடிக்கடி பறப்பவர். அப்படிச் சலித்தெடுத்தவர்களை முதல் உறுப்பினர்களாக வைத்து 1981 மே 1ஆம் தேதி மைல் திட்டத்தைத் தொடங்கியது. பறந்த தூரம் கணக்கில் ஏறும். போதுமான அளவு சேர்ந்தால் ஒரு டிக்கெட் இலவசம். சில நாட்களுக்குள் யுனைடெட் ஏர்லைன்ஸும் அதே வழியில் இறங்கியது.

இலவசமாகக் கொடுத்தால் கட்டுப்படியாகுமா? காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வெயில் ஏற ஏற மீன் விலை இறங்கும். ஆனாலும் விற்காத மீனை ஐஸில் வைக்கலாம், கருவாடு போடலாம். விமான சீட்டுக்கு அந்த வழி கிடையாது. கதவைச் சாத்திய நிமிடத்தில் காலி சீட்டின் மதிப்பு பூஜ்யம். அதில் ஒருவரை உட்காரவைத்தால் ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம் எரிபொருளும் ஒரு வேளைச் சாப்பாடும்தான். வாங்கிக்கொள்பவருக்கோ அது ஆயிரக்கணக்கான ரூபாய் பெறும். இந்த இரண்டு மதிப்புகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் மைல் என்கிற காசு பிறந்தது.

பிறகு நடந்ததுதான் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. கம்பெனிகள் தாங்கள் உண்டாக்கிய மைல்களை வங்கிகளுக்கு ரொக்கத்துக்கு விற்க ஆரம்பித்தன. வங்கிகள் அவற்றைக் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தன. 2020இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் தன் மைல் திட்டத்தை ஈடுவைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அடுத்த ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதேபோல் 1,000 கோடி டாலர் திரட்டியது. விமானம் பறக்காத காலத்திலும் கடன் கொடுக்க ஆள் இருந்தார்கள். கார்டு தேய்ப்பது நிற்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

மைலை வாங்க வங்கிக்குப் பணம் கடைக்காரரிடமிருந்து வருகிறது. கிரெடிட் கார்டில் நாம் நூறு ரூபாய் செலுத்தினால் கடைக்காரர் கைக்கு முழு நூறும் போவதில்லை. ஒன்றரை, இரண்டு ரூபாய் அளவில் கட்டணமாகப் பிடிக்கப்படுகிறது. அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. பாயின்ட் அதிலிருந்து கிள்ளித் தருவது. காலடிப்பேட்டை மளிகைக் கடையில் நம் வங்கிக் கணக்கிலிருந்து கியூஆர் ஸ்கேன் செய்தால் பாயின்ட் பெரும்பாலும் வராததற்குக் காரணமும் இதுவே: 2020 ஜனவரி முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகர் கட்டணம் கிடையாது. கிள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைக்க 2022இல் ரிசர்வ் வங்கி அனுமதித்த பிறகு, அதே கியூஆரில் பாயின்ட் சேர்க்க ஒரு வழி திறந்திருக்கிறது.

சரி, பாயின்ட் சேர்க்க நினைக்கும் திருவொற்றியூர்க்காரர் எங்கே தொடங்கலாம்? விமானத்தில் என்று நான் சொல்லமாட்டேன். நம் ஆட்கள் ஊருக்குப் போவது ரயிலில். ராயபுரத்திலிருந்து 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. அன்று முதல் இன்று வரை ரயில்வே மைல் கொடுக்கும் நிலைக்கு வரவில்லை. பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பே வெயிட்டிங் லிஸ்ட் போடும் வண்டியில் காலி சீட்டு ஏது? ஆனால் ஐஆர்சிடிசியும் எஸ்பிஐயும் சேர்ந்து தரும் கார்டில், ஐஆர்சிடிசி தளத்தில் ஏசி வகுப்பு டிக்கெட் எடுத்தால் கட்டணத்தில் 10 சதவீதம் வரை பாயின்ட்டாகத் திரும்பும். ஒரு பாயின்ட் ஒரு ரூபாய். குடும்பத்தோடு நாகர்கோவிலுக்கு 4,500 ரூபாய்க்கு மூன்றாம் ஏசி எடுத்தால் 450 ரூபாய் வரை. ஸ்லீப்பரில் போகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. மற்றச் செலவுகளுக்கு 125 ரூபாய்க்கு ஒரு பாயின்ட்தான். ஸ்லீப்பரே போதும் என்றிருப்பவர் பாயின்ட்டுக்காக ஏசிக்கு மாறுவது வீண்செலவு.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 20,000 ரூபாய் செலவழித்தால், 125 ரூபாய்க்கு ஒன்று என்ற விகிதத்தில் 160 ரூபாய் பெறும் பாயின்ட். அந்த 20,000ஐக் கெடுவுக்குள் கட்டாமல் விட்டால், மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலே 700 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி 126. பில்லை முழுசாகக் கட்ட முடியாத மாதம் ஒன்று வரும் என்று தோன்றினாலே இந்தப் பக்கம் வரவேண்டாம். விம்கோ நகரிலிருந்து தினமும் மெட்ரோவில் போகிறவருக்கு சிங்காரச் சென்னை கார்டில் கிடைக்கும் 20 சதவீதத் தள்ளுபடி, கடன் இல்லாமல் அன்றைக்கே கைக்கு வருவது. எந்தப் பாயின்ட்டையும்விட அது மேல்.

வடசென்னையில் விமான மைலுக்கு உண்மையிலேயே உரிமை உள்ள ஒரு கூட்டம் உண்டு. கப்பலில் வேலை செய்கிறவர்கள். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் கப்பல்காரர் வீடுகள் இருக்கின்றன. கப்பல் ஏற தோகாவுக்கோ சிங்கப்பூருக்கோ டிக்கெட் போட்டுக் கொடுப்பது கம்பெனி. டீசல் பாயின்ட்போல இங்கே பணம் கட்டியவருக்கு மைல் போகாது; சீட்டில் உட்கார்ந்து பறந்தவருக்குத்தான். ஆனால் உறுப்பினர் எண்ணைக் கொடுக்காததால் பல பேருடைய மைல் ஏறாமலே போகிறது. சேர்வதற்குப் பணம் வேண்டாம், மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும். ஏர் இந்தியாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி; கத்தார் ஏர்வேஸ் ஒன்வேர்ல்டு. நாலு கணக்கில் சிதறவிடாமல் கூட்டணிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் சீக்கிரம் சேரும். மலிவான சில கட்டண வகைகளுக்கு மைல் கிடையாது. அதனால் டிக்கெட்டில் உள்ள வகை எழுத்தைக் கம்பெனியின் தளத்தில் சரிபார்க்க வேண்டும். விட்டுப்போன பயணத்துக்குச் சில மாதங்களுக்குள் கேட்டு வாங்கலாம். அதற்கு டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் வேண்டும். காண்டிராக்ட் முடிந்து வரும்வரை அந்தத் துண்டுச்சீட்டைத் தொலைக்காமல் வைத்திருக்க முடியாதவர்கள், விமானம் ஏறுமுன் போனில் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.